தாய்மரத்தடியில் கன்று ஏன் பிழைப்பதில்லை?

கத்தரி நாற்றுப் பாத்தியைப் பார்த்திராத மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். விதை தூவிய சில நாட்களில் பாத்தி முழுதும் பச்சென்று முளைத்து நிற்கும். அடுத்த வாரம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், நடுவே உள்ளங்கை அகலத்திற்கு நாற்றுகள் தண்டின் அடியில் நீர் கோத்தாற்போல் மெலிந்து சாய்ந்து கிடக்கும். இரண்டு நாளில் அந்த வட்டம் முறத்தளவு ஆகிவிடும். உழவர்கள் இதனை நாற்றழுகல் என்பர். சிறு வயதில் நான் தூவிய பாத்தி ஒன்று இவ்வாறு அழுகியதைக் கண்ட என் பாட்டியார், "விதைய வாரிக் கொட்டினா இப்படித்தான்டா ஆகும்; கலக்கத் தூவணும்" என்றார். நோயை உண்டாக்கும் பித்தியம், பைட்டாப்தோரா ஆகியவற்றின் பெயரைப் பின்னாளில் வகுப்பறையில் கற்றேன். ஆனால் அடர்த்திக்கும் அழுகலுக்கும் உள்ள உறவைக் கற்பித்தவர் பாட்டியார்தாம்.

அந்தப் பாத்தியில் நடந்ததற்கும், வெப்பமண்டல மழைக்காடுகளில் நூற்றுக்கணக்கான மரவகைகள் தோளோடு தோள் உரசி வாழ்வதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில எண்ணிக்கைகள். மலேசிய நாட்டுப் பாசோ காட்டில் 1980-களின் பிற்பகுதியில் 50 ஹெக்டேர் பரப்பை, அதாவது ஏறத்தாழ 125 ஏக்கரை, அளந்து குறித்தார்கள். மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் உடைய சிறு மரம் முதல் ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு கட்டி, இன்ன வகை என்று பதிவு செய்தார்கள். வகைகளின் தொகை 800-ஐத் தாண்டியது. பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் அதே அளவுப் பரப்பில் சுமார் 300 வகைகள். நம் முதுமலையிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-89-இல் இவ்வாறே 50 ஹெக்டேரைக் குறித்து எண்ணினர். அது மழைக்காடு அன்று. வறண்ட இலையுதிர் காடு. அங்கே வகைகள் எழுபதுக்குச் சற்று மேல்.

இதில் வியப்பு எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மழை மிகுந்த இடத்தில் மரம் மிகுவது இயல்புதானே என்று தோன்றும். மரம் மிகுவது இயல்பே. வகை மிகுவதுதான் புதிர். எல்லா மரங்களுக்கும் வேண்டியவை ஒன்றே: ஒளி, நீர், மண்ணிலுள்ள சில தாதுக்கள். ஒரே தேவையை உடைய இரு உயிர்கள் ஓரிடத்தில் நெடுங்காலம் சேர்ந்து நிலைக்க மாட்டா. வலியது மெலியதை வெளியேற்றிவிடும் என்பது போட்டி விலக்கு விதி. அப்படியாயின், அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் மிகப் பொருத்தமான ஒரு மரம் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகளில் காடு முழுவதையும் தனதாக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத் தடையாய் நிற்பது எது? விடை, ஓங்கி நிற்கும் பெருமரங்களைவிட அவற்றின் காலடியில் சாண் உயரத்தில் நிற்கும் இளங்கன்றுகளிடத்தில்தான் அதிகம் கிடைக்கிறது. ஒரு மரத்தின் வாழ்நாளில் சாவு மிகுந்த பருவம் அதுவே.

கன்றைக் கொல்லும் காரணங்கள் பல. முதலாவது இருள். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் ஒளி, மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அந்த ஒளியில் கன்று செய்யும் உணவு அதன் மூச்சுக்கே சரியாகப் போய்விடும். ஆகவே நிழல் தாங்கும் வகைகளின் கன்றுகள் ஆண்டுக்கணக்கில் வளராமல், சாகாமல் அப்படியே நிற்கும். பக்கத்தில் ஒரு பெருமரம் விழுந்து வானம் திறந்தால்தான் அவற்றுக்கு விடிவு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் ஒரு மரவகையின் கன்றுகளை 32 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள் என்றால், இந்தக் காத்திருப்பின் நீளத்தை நாம் ஊகிக்கலாம்.

இரண்டாவது காரணம் சற்று வேடிக்கையானது. மேலிருந்து விழும் பொருள்கள்! காய்ந்த கிளை, பனையின் மட்டை, பெரிய இலை ஆகியவை விழுந்து கன்றை நசுக்குகின்றன. விலங்குகள் மிதித்தும் கிளறியும் சாய்க்கின்றன. கோஸ்டா ரிக்கா நாட்டின் லா செல்வா ஆய்வு நிலையத்தில் கிளார்க் தம்பதியர் இதனை அளக்க ஓர் எளிய வழி கண்டனர். குளிர்பானம் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழலையும் கம்பியையும் கொண்டு 500 பொய்க்கன்றுகள் செய்து காட்டில் நட்டனர். பொய்க்கன்றுக்கு நோயில்லை, பசியில்லை, பூச்சியும் தின்னாது. இருந்தும் ஓராண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி வளைந்தோ, சாய்ந்தோ, பிடுங்கப்பட்டோ போயிருந்தன. 1989-இல் வெளியான இந்த ஆய்வை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். அறிவியலுக்கு எப்போதும் விலையுயர்ந்த கருவி தேவைப்படுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது வறட்சி. மழைக்காடு என்றால் ஆண்டு முழுதும் மழை என்று கருதிவிடக்கூடாது. பாரோ கொலராடோ தீவில் ஆண்டுக்குச் சுமார் 2,600 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை வறட்சிதான். வேர் ஆழமாக இறங்காத கன்றுக்கு அந்த நான்கு மாதம் பெரிய கண்டம்.

இருள், நசுங்கல், வறட்சி ஆகிய மூன்றும் கன்றுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்கின்றன. ஆனால் இவை காட்டின் பன்மையைக் காக்குமா? இங்கே கரும்பலகைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஓரிடத்தில் 'அ' என்ற வகையின் விதை 1,000, 'ஆ' வகை 100, 'இ' வகை 10 விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விழும் கிளைக்கு இனப்பாகுபாடு கிடையாது. அது பத்தில் ஒன்பதைக் கொன்றால் எஞ்சுவன 100, 10, 1. சாவு மிகுதி, விகிதமோ மாறவேயில்லை. 'அ' முன்போலவே ஆட்சி செய்கிறது. 'இ' வகையின் கடைசிக் கன்றும் தற்செயலாக மாண்டால் வகையே அவ்விடத்தில் அற்றுப்போகும். இப்போது கூட்டம் மிகுந்த வகையைத் தேடிப்போய்க் கொல்லும் ஒரு பகைவன் இருப்பதாகக் கொள்வோம். அவன் ஆயிரத்தில் 980-ஐயும், நூறில் 85-ஐயும், பத்தில் ஐந்தையும் கொல்கிறான். எஞ்சுவன 20, 15, 5. முதலில் நூறுக்கு ஒன்றாக இருந்த விகிதம் இப்போது நான்குக்கு ஒன்று! ஆகவே காட்டின் பன்மையை விளக்க, சாவு எவ்வளவு என்று எண்ணினால் போதாது. சாவு ஆள் பார்த்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அவ்வாறு ஆள் பார்த்து வருகிறது என்ற கருத்தை இரண்டு அறிஞர்கள், ஒருவர் மற்றவரைப் பின்பற்றாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியிட்டனர். ஒருவர் மத்திய அமெரிக்கக் காடுகளில் விதை தின்னும் வண்டுகளை ஆராய்ந்த டானியல் ஜேன்சன். அவர் கட்டுரை 1970-இல் வந்தது. மற்றவர் ஜோசப் கான்னல். அவர் எழுதியது 1971-இல் வந்தது. கான்னல் அதற்கு முன்பு ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசுகளின் போட்டியை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பாறையில் இடத்துக்காக நடக்கும் போரைப் பார்த்த கண், காட்டுத் தரையில் நடக்கும் போரையும் இனங்கண்டுகொண்டது போலும்.

இருவர் கருத்தின் சாரம் இது. தாய்மரத்தைச் சுற்றி அதன் விதைகள் மிக அடர்த்தியாக விழுகின்றன; தொலைவு செல்லச் செல்லக் குறைகின்றன. ஆனால் அந்த வகையையே உண்டு வாழும் வண்டும், புழுவும், பூஞ்சையும் தாய்மரத்தின் மேலும் அதன் அடிமண்ணிலும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மரத்தடியில் விழும் விதை பகைவனின் வாசலிலேயே விழுகிறது. வளர்ந்த மரம் சில இலைகளை இழந்தால் கவலையில்லை. இரண்டே இலை உடைய கன்று ஒரு புழுவுக்கு ஒரு வேளை உணவு. எனவே தொலைவு கூடக் கூட விதை குறைகிறது, பிழைப்பு கூடுகிறது. இரண்டையும் இரு கோடுகளாக வரைந்து பெருக்கினால், தாய்மரத்திலிருந்து சற்றுத் தள்ளிய ஓரிடத்தில் புதிய கன்றுகளின் எண்ணிக்கை உச்சம் பெறும். தாய்மரத்தடியில் காலியாகும் இடம் வேறு வகைக் கன்றுக்குக் கிடைக்கிறது. அந்த வேறு வகைக்கு இந்த மண்ணிலுள்ள பகைவன் அவ்வளவு கொடியவன் அல்லன். தாவரவியலில் இதற்கு ஜேன்சன்-கான்னல் கருதுகோள் என்று பெயர்.

கருதுகோள் அழகாக இருந்தால் மட்டும் போதாது; காட்டில் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு ஏற்ற களமாக அமைந்தது மேலே கூறிய பாரோ கொலராடோ தீவு. இத்தீவு இயற்கையாகத் தோன்றியது அன்று. பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்து அணை கட்டியபோது பள்ளத்தாக்கு நீரில் மூழ்கிக் காட்டூன் ஏரி ஆயிற்று. மூழ்காமல் எஞ்சிய ஒரு குன்றின் தலையே இத்தீவு. 1923 முதல் இது பாதுகாக்கப்பட்ட காடு. 1946 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. உலகில் இவ்வளவு நுணுக்கமாக எண்ணப்பட்ட வெப்பமண்டலக் காடு வேறு உண்டா என்பது ஐயமே.

இங்கே காரல் ஆக்ஸ்பர்கர் என்ற அம்மையார் பிளாட்டிப்போடியம் எலிகன்ஸ் என்ற மரத்தை ஆராய்ந்தார். அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வேங்கையைப் போலவே சிறகுள்ள கனி உடையது. காற்றில் பறந்து பரவும். முளைத்த கன்றுகளுக்கு அடையாளம் இட்டு, வாரந்தோறும் எது இறந்தது, எதனால் இறந்தது என்று பதிவு செய்தார். முதல் சில மாதங்களில் கன்றுகளை வாரிக்கொண்டு போனது எது தெரியுமா? கத்தரிப் பாத்தியில் நாம் கண்ட அதே நாற்றழுகல்தான்! தாய்மரத்தின் அருகில் அதன் கொடுமை மிகுதி; தொலைவில் குறைவு. மரம் விழுந்து வெளிச்சம் பட்ட இடத்தில் மிகவும் குறைவு. 1983-இல் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் பாட்டியாரின் நினைவு வந்தது என்று சொன்னால் மிகையன்று.

எனினும் ஒரு மரத்தை வைத்து ஒரு காட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 1980-இல் ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் இத்தீவில் 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பைக் குறிக்கத் தொடங்கினர். பாசோவும் முதுமலையும் பின்னர் இதன் வழியில் வந்தவையே. அந்தப் பரப்பில் பின்னாளில் 200 விதைப் பொறிகளை வைத்தார்கள். பொறி என்றால் எலிப்பொறி போன்றது அன்று. கால்களின் மேல் நிறுத்திய சட்டத்தில் வலைத்துணி கட்டி, மேலிருந்து விழும் விதையை ஏந்திக்கொள்ளும் எளிய அமைப்பு. பரப்பு அரைச் சதுர மீட்டர். ஒவ்வொரு பொறிக்கும் அருகில் மூன்று பக்கங்களில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையை அளந்து, அங்கே முளைக்கும் கன்றுகளை எண்ணினர். நான்கு ஆண்டுகளில் பொறிகளில் விழுந்த விதை 3,86,027. தரையில் புதிதாக எழுந்த கன்று 13,068. இவ்வளவு விதைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து இன்ன வகை என்று பெயர் சொன்னவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

கணக்கில் கெட்டிக்காரரான மாணவர் உடனே முப்பது விதைக்கு ஒரு கன்று என்பார். அது பிழை. பொறிகளின் மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டர். கன்று எண்ணிய தரையோ 600 சதுர மீட்டர். ஒரே பரப்புக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஏறத்தாழ 180 விதைக்கு ஒரு கன்றுதான் தேறுகிறது. ஆனால் நமக்கு வேண்டியது அந்த எண்கூட அன்று. பன்மை என்னவாயிற்று என்பதே. கைல் ஹாம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இதுதான்: விழுந்த விதைகளில் இருந்த பன்மையைவிட, எழுந்த கன்றுகளில் இருந்த பன்மை மிகுதி. ஆராய்வதற்குப் போதிய எண்ணிக்கை கிடைத்த 53 வகைகளிலும், ஒன்றுகூட விலகாமல், விதை அடர்ந்த இடத்தில் கன்றாகும் வாய்ப்புக் குறைந்திருந்தது. கரும்பலகையில் நாம் போட்ட இரண்டாவது கணக்கு காட்டில் உண்மையாகவே நடக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

சரி, கொல்பவன் யார்? பூஞ்சையா, பூச்சியா? இதற்கு விடை தேடியவர் ராபர்ட் பாக்சியும் அவர் குழுவினரும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுச் சிக்கிபுல் காட்டில் சில தரைத்துண்டுகளில் பூஞ்சைக்கொல்லி மருந்தும், வேறு சிலவற்றில் பூச்சிக்கொல்லி மருந்தும் தெளித்தனர். சிலவற்றை ஒப்பீட்டுக்காக மருந்தின்றி விட்டனர். 2014-இல் முடிவு வந்தது. பூச்சிக்கொல்லி தெளித்த இடத்தில் கன்றுகளின் எண்ணிக்கை 2.7 மடங்கு ஆயிற்று. எந்தெந்த வகை மிகுதி என்ற வரிசையும் மாறிப்போயிற்று. பூஞ்சைக்கொல்லி தெளித்த இடத்தில் வகைகளின் பன்மை சுமார் 16 விழுக்காடு குறைந்தது. நோயைத் தடுத்ததால் பன்மை குறைந்தது என்பதை மறுபடியும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நோயைத் தீமை என்றே சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதில் ஒட்டுவதில்லை. ஆனால் கணக்கு தெளிவானது. மருந்தால் பிழைத்தவை பெரும்பாலும் ஏற்கெனவே கூட்டமாக இருந்த வகைகளின் கன்றுகள். அவை பிறவற்றின் இடத்தையும் எடுத்துக்கொண்டன.

மண்ணின் பங்கைத் தனியே பிரித்துப் பார்த்தவர் ஸ்காட் மாங்கன். பாரோ கொலராடோவில் ஆறு மரவகைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடிமண்ணிலுள்ள நுண்ணுயிரிகளோடும் ஒவ்வொரு வகைக் கன்றையும் வளர்த்தார். பொதுவாகத் தன் இனத்து மண்ணில் கன்று நலிந்தது. பிற இனத்து மண்ணில் தேறியது. இத்தகைய சோதனையைச் சிறிய அளவில் நம் கல்லூரியிலேயே செய்து பார்க்க முடியும். நாவல் மரத்தடி மண்ணும் புங்க மரத்தடி மண்ணும் போதும். இரண்டிலும் ஒரு பங்கை நீராவியில் வேகவைத்து நுண்ணுயிர் நீக்கி, நான்கு வகைத் தொட்டிகளில் இரு விதைகளையும் விதைத்து எண்ண வேண்டியதுதான். விதைகளைக் காய விடாமல் புதிதாகவே விதைக்க வேண்டும். நாவல் விதை உலர்ந்தால் முளைக்காது. இதற்கு மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம். தொட்டிகளுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் ஆள்தான் வேண்டும். விடுமுறையில் அதுதான் கிடைப்பதில்லை.

மாங்கன் ஆய்விலிருந்து இன்னொரு செய்தியும் கிடைத்தது. தன் இனத்து மண்ணால் மிகவும் பாதிக்கப்படும் வகைகள் காட்டில் அரியனவாக இருந்தன. அவ்வளவாகப் பாதிக்கப்படாதவை மலிந்திருந்தன. அதே 2010-இல் லிசா கொமிடா குழுவினர், அந்த 50 ஹெக்டேரில் 180 வகைகளைச் சேர்ந்த 30,000-க்கு மேற்பட்ட கன்றுகளின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து பார்த்து, இதையே வேறு வழியில் கண்டனர். தன் இனத்தார் சூழ நிற்பது எல்லாக் கன்றுக்கும் தீங்குதான். அரிய வகைக் கன்றுக்கு மேலும் பெருந்தீங்கு. இது முதலில் என்னைக் குழப்பியது. மலிந்த வகையைத்தானே பகைவர் அதிகம் தாக்க வேண்டும்? ஊன்றிப் பார்த்தால் குழப்பம் தீரும். அவ்வகை அரிதாக இருப்பதால் தாக்கப்படுவதில்லை. தன் இனத்தோடு கூடினால் எளிதில் மாள்வதால்தான் அது அரிதாக இருக்கிறது. மலிந்த வகை, பகைவரை ஓரளவு தாங்கும் உடல் பெற்றதனால் மலிந்தது. அரிய வகையோ எண்ணிக்கை குறைந்து தனித்தனியாகச் சிதறி நிற்கும்போது பகைவர் கண்ணில் படாமல் பிழைத்துக்கொள்கிறது. ஆகையால் அரிதாயினும் அற்றுப்போகாமல் இருக்கிறது.

இவ்விளக்கம் ஒன்றே போதும் என்று எல்லாரும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மரம் விழுந்து திறக்கும் வெளிகளே பன்மைக்குக் காரணம், ஒவ்வொரு வெளியும் ஒவ்வொரு வகைக்கு ஏற்றது என்று முன்பு பலர் கருதினர். ஹப்பெல் 13 ஆண்டுகளில் 1,200-க்கு மேற்பட்ட வெளிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவு அதற்கு இடம் தரவில்லை. வெளியில் கன்று மிகுதி, அதனால் வகையும் மிகுதி. கன்றுகளின் எண்ணிக்கையைச் சமன் செய்து பார்த்தால் வெளிக்கும் நிழலுக்கும் வகையில் வேறுபாடு இல்லை. எந்த வெளியில் எந்தக் கன்று எழும் என்பதைத் தகுதியைவிட, அந்நேரம் எந்த விதை அங்கே வந்து சேர்ந்திருந்தது என்ற தற்செயலே பெரிதும் முடிவு செய்கிறது என்றார். பின்னர் 2001-இல் தம் நூலில், மரவகைகள் எல்லாம் சமவலிமை உடையவை என்று கொண்டு தற்செயலாலேயே பலவற்றை விளக்கிவிடலாம் என்ற அளவுக்குச் சென்றார். அது மிகையென்பது என் கருத்து. ஆனால் விதை வந்து சேர வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது சரியே. வராத விதையைப் பூஞ்சை காக்கவும் இயலாது, கொல்லவும் இயலாது.

வெப்பமண்டலத்தில் மட்டும்தான் இது நடக்கிறதா என்ற கேள்வியும் நெடுநாள் இருந்தது. லிசா ஹுல்ஸ்மன் முதலானோர் உலகின் 23 காட்டுப் பரப்புகளிலிருந்து, கன்றுப் பருவம் கடந்த மரங்களின் சாவுக் கணக்கை ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்டனர். தன் இனத்தார் அருகில் இருந்தால் சாவு மிகும் என்பது ஓரிடம் தவிர எல்லா இடத்திலும் காணப்பட்டது. குளிர்நாட்டுக் காடுகளைவிட வெப்பமண்டலத்தில் அது சராசரியாகக் கடுமை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் மலிந்த வகையைவிட அரிய வகைக்குக் கடுமை என்ற அந்த வேறுபாடு வெப்பமண்டலத்தில் மட்டுமே இருந்தது. ஜேன்சனும் கான்னலும் சொன்னதில் ஒரு பாதி நின்றது, ஒரு பாதி திருத்தம் பெற்றது எனலாம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம். இங்கே மழைக்காடு தொடர்ச்சியாக இல்லை. தேயிலையும் காபியும் ஊரும் சாலையும் இடையிட்டு, பல இடங்களில் காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. வால்பாறைக்குப் பேருந்தில் போனவர்கள் தேயிலைக் கடலின் நடுவே தீவுகள் போலக் காட்டுத் துண்டுகள் நிற்பதைப் பார்த்திருப்பர். துண்டு சிறிதானால் ஓரம் மிகுகிறது. ஓரத்தில் வெயிலும் காற்றும் புகுந்து மண்ணின் ஈரத்தை வாங்கிவிடுகின்றன. ஈரம் இல்லாத இடத்தில் நாற்றழுகல் பூஞ்சை எப்படித் தழைக்கும்?

இக்கேள்வியை மேக்னா கிருஷ்ணதாஸும், பாக்சி, கொமிடா உள்ளிட்ட குழுவினரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் துண்டாடப்பட்ட ஒரு காட்டில் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பல தொலைவுகளில் பூஞ்சைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் தெளித்துப் பார்த்தனர். ஓரத்திலிருந்து 90 முதல் 100 மீட்டர் உள்ளே இருந்த இடங்களில் மருந்து தெளித்தவுடன் கன்றுகளின் பன்மை குறைந்தது. அதாவது அங்கே பகைவர்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தனர். ஓரத்துக்கு அருகிலோ மருந்து தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் ஒன்றாகவே இருந்தது. அங்கே பன்மை ஏற்கெனவே குறைந்துபோயிருந்தது. இத்தனைக்கும் ஓரத்தில் விழுந்த விதைகளின் பன்மையில் குறைவில்லை. விதை வந்தது, கன்றும் எழுந்தது, கூட்டத்தைக் கலைக்கும் பகைவன்தான் வலுவிழந்துவிட்டான்.

இவ்வாறான ஓரத்தை வழிப்போக்கர் கண்டால் கன்று நிறைந்த நல்ல காடு என்றே எண்ணுவர். பச்சை குறையவில்லை, குனிந்து இலையைப் பார்த்து வகையை எண்ணினால்தான் குறை தெரியும். இன்னொரு துன்பமும் உடன் சேர்கிறது. காட்டுச் சாதிக்காய் போன்ற பெரிய விதைகளைத் தாய்மரத்திலிருந்து தொலைவுக்கு எடுத்துச் செல்லும் பறவை இருவாட்சி. இருவாட்சி வராத துண்டில் அவ்விதைகளில் பெரும்பாலானவை தாய்மரத்தடியிலேயே விழுந்து, காடு உள்ளே ஈரமாக இருந்தால் அழுகும். ஓரமாக இருந்தால் அவையே அடர்ந்து நிற்கும்.

வால்பாறைப் பகுதியில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல், சிதைந்த காட்டுத் துண்டுகளில் மீண்டும் மரம் வளர்த்து வருகின்றனர். அவ்வட்டாரத்துக்கே உரிய பலவகை மழைக்காட்டு மரங்களின் விதைகளைத் திரட்டி, நாற்றங்காலில் பைகளில் கன்றாக்கி, பல வகைகளையும் கலந்து நடுகின்றனர். காட்டில் இருவாட்சியும் பூஞ்சையும் பணமின்றிச் செய்துவந்த வேலையை, விதை பொறுக்குவது முதல் கலந்து நடுவது வரை, அங்கே மனிதர் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.